உள்பக்கமும் தொடவும்

3B வீட்டுக் குளியலறையில் இருந்த பச்சை மக் நன்றாக இருந்ததுதான் அடைக்கலமேரியைக் கலங்கவைத்தது.

ஒரு மக் நன்றாக இருப்பதற்கு ஒரு பெண் ஏன் கலங்கவேண்டும் என்று கேட்பவர்கள், தின்னி வந்த காலத்தில் ஊரில் இல்லாதவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம்.

பிளாஸ்டிக்கை ஒழிக்க அரசாங்கம் பல வருடம் தடை போட்டுப் பார்த்தது. தடை உத்தரவின் நகல்களை மழையில் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டே அனுப்பினார்கள். கடைசியில் விஞ்ஞானிகள் ஒரு நுண்ணுயிரை வளர்த்து ஊரெங்கும் தெளித்தார்கள். அரசாணையில் அதன் பெயர் நெகிழி நல்லுண்ணி. ஊர் வைத்த பெயர் தின்னி. மனிதக் கையின் எண்ணெய்ப்பசை பட்ட பிளாஸ்டிக்கை அது நாற்பது நாளைக்குச் சீண்டாது. நாற்பது நாளும் யாரும் தொடாமல் கிடந்தால் தின்றுவிடும். மைதா மாதிரி வெள்ளை மாவுதான் மிஞ்சும். ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறிவதுதானே பாவம்? எறிந்ததை எவன் மறுபடி தொடப்போகிறான்? கணக்கு கச்சிதம். ஒரே மழைக்காலத்தில் சாக்கடைகள் சுத்தமாயின, உய்யக்கொண்டான் வாய்க்காலில் மீன்கூடத் தெரிந்தது என்றார்கள்.

வீட்டுக்குள்ளும் நாம் தொடாமல் வைத்திருப்பவை ஏராளம் என்பது மட்டும் விஞ்ஞானிகளுக்குத் தோன்றவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள்தான் முதலில் பொலபொலத்தன. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருச்சியின் குடும்பத் தலைவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தொட்டியைத் தடவிக்கொண்டு நிற்பது வழக்கமாயிற்று. பூட்டிவிட்டு வெளிநாடு போனவர்களின் வீடுகளுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் 'ஸ்பரிசம் சேவை நிறுவனம்' வந்தது. அதற்குத்தான் அடைக்கலமேரி வந்தாள்.

கே.கே. நகரில் காவிரி எழில் அடுக்ககத்தில் பூட்டிக்கிடந்த பதினோரு வீடுகள் அவள் பொறுப்பு. மாதம் ஒருமுறை போய் வாளி, மக், நாற்காலி, சுவிட்சு, பொம்மை என்று எல்லாவற்றையும் வெறுங்கையால் தொட்டுவிட்டு வரவேண்டும். ஒரு வீட்டில் ஒரு பொருள் மாவானாலும் உரிமம் ரத்து.

ஐந்து வருடம் குறையில்லாமல் ஓடியது. பிறகு கை செத்துப்போனது.

வலியோ காயமோ இல்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் இருபது வருடம் பாத்திரம் தேய்த்த கை; நாற்பத்தொன்பது வயதில் எண்ணெய் வற்றிவிட்டது, அவ்வளவுதான். சந்தேகம் வந்து வீட்டில் பால் பாக்கெட் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு துண்டைத் தானும் மற்றதை மகள் செலினும் மாத்திரை சாப்பிடுகிற மாதிரி தினம் மூன்று வேளை தடவிவந்தார்கள். நாற்பத்தோராம் நாள் செலினின் துண்டு மொடமொடப்பாக இருந்தது. அடைக்கலமேரியின் துண்டை ஊதினால் பறந்தது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் தடவிப் பார்த்தாள். தின்னி ஏமாறவில்லை.

இது வெளியே தெரிந்தால் வேலை மட்டும் போகாது. இப்போதெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடித்ததும் கையைக் காட்டச் சொல்கிறார்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் 'பட்டதாரி, உயிர்க்கை' என்று போடுகிறார்கள். செத்த கை தாயிடமிருந்து மகளுக்கு வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதும் பரவிவிட்டது. செலினுக்குத் திண்டுக்கல்லில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அடைக்கலமேரி ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். பக்கத்து அடுக்ககத்தைத் தொடுகிற நூர்ஜஹானிடம். இருவரும் அவசரமாகப் பதினோரு வீடுகளையும் சுற்றினார்கள். பத்து வீடுகளில் வாளிகள் ஈரம் பட்ட அப்பளம் மாதிரி துவளத் தொடங்கியிருந்தன. நூர்ஜஹான் ஓடி ஓடித் தொட்டுக் காப்பாற்றினாள். பதினோராவதுதான் 3B. அங்கே பச்சை மக் நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி கிண்ணென்று இருந்தது.

"மேரிக்கா, இங்க வேற யாரோ தொடுறாங்க," என்றாள் நூர்ஜஹான், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"யாருடி வருவா? ஓனரு கனடாவுல. சாவி எங்கிட்ட ஒண்ணு, அசோசியேஷன் ஆபீசுல ஒண்ணு."

"பேயா இருக்குமோ?"

"பேய்க்கு ஏதுடி எண்ணெய்ப்பசை?"

அடைக்கலமேரி குனிந்து நாற்காலியின் அடிப்பக்கத்தைத் தட்டினாள். கெட்டியாக இருந்தது. வாளியின் உள்பக்கத்தைச் சுண்டினாள். கணீரென்றது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. நாற்காலியின் அடியையும் வாளியின் உள்ளேயும் தொடத் திருடனுக்குத் தெரியாது. பயிற்சி எடுத்த கைக்குத்தான் தெரியும்.

பயிற்சி எடுத்தவர் இந்தப் பேட்டையில் எத்தனை பேர்? அவள் தோழியைப் பார்த்தாள். இவளுக்கு ஐந்தே வீடு. எனக்குப் பதினொன்று. 3Bயில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறாளோ? கை செத்துப்போனதைச் சொன்னதும் ஓடி வந்து உதவினாளே, அதற்கு முன்பே தெரிந்திருக்குமோ? நினைத்த மாத்திரத்தில் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

நூர்ஜஹான் போனபின் அவள் திரும்பி வந்து, ஒரு சிட்டிகை சமையல் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்து, மக் கைப்பிடியின் அடியில் தடவி வைத்தாள். போகும்போது ஒன்று கண்ணில் பட்டது. சமையலறை மேல் அலமாரியில் ஒரு பூட்டு. எப்போது வந்தது என்று கவனித்ததில்லை, ஓனர் போட்டது என்று விட்டிருந்தாள். பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். புதுப் பூட்டு. ஓனர் போய் எட்டு வருடம் ஆகிறது.

சனிக்கிழமை காலை நூர்ஜஹானைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். இரண்டு கையும் செக்கச்செவேல் என்றிருந்தது.

"என்னடி கை?"

"நாத்தனா பொண்ணு நிக்காஹ்க்கா. மருதாணி. நல்லா பிடிச்சிருக்குல்ல?" என்று விரித்துக் காட்டினாள்.

மஞ்சள் பட்ட கையை மறைக்க மருதாணியைவிடத் தோதானது உண்டா? "நல்லாருக்கு," என்றாள் அடைக்கலமேரி. வாயில் வந்த சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. நூர்ஜஹானுக்கு அது புரிந்தும் இருக்கவேண்டும். வழக்கமாகக் கேட்கும் டீயைக் கேட்காமலே போனாள்.

மறுநாள் ஞாயிறு. ஞாயிறு என்றால் அறவாழி.

முனைவர் அறவாழி ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர், அடுக்ககச் செயலாளர், வட்டாரப் பசுமை ஒருங்கிணைப்பாளர். மூன்றையும் சேர்த்தே கையெழுத்துப் போடுவார். அதனால் ரசீதில் அவர் கையெழுத்துக்கே இரண்டு வரி தேவைப்படும். அவருடைய வீடு 'மாதிரி இல்லம்'. சனிக்கிழமைதோறும் பள்ளிக் குழந்தைகளை வரிசையாக அழைத்துவந்து, ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து, "காண்கிறீர்களா? நெகிழி இல்லை!" என்பார். குழந்தைகள் இல்லாததை உற்றுப் பார்த்துவிட்டுப் போவார்கள். தொடுபவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பவரும் அவரே. "மனித எண்ணெய் ஒரு தாள் கனத்துக்கு மேல் ஊறாது. அப்பால் உள்ளதை உண்ணி உண்ணும். ஆகவே உள்பக்கமும் தொடவும்!" என்று கரும்பலகையில் எழுதி, இரண்டு கோடு போடுவார். வருகிற பதினைந்தாம் தேதி எல்லாத் தொடுபவர்களுக்கும் 'உயிர்க்கைச் சோதனை' என்று அறிவித்திருந்ததும் அவர்தான். அடைக்கலமேரி அந்தத் தேதியைக் காலண்டரில் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் ஞாயிறு உறுதிமொழி தொடங்கியது. அறவாழி மேடையேறினார். மேடை என்பது இரண்டு மரப்பலகை.

"அனைவரும் வலது கரத்தை உயர்த்துக! ஒருமுறை நெகிழியை…"

எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அறவாழியும் தூக்கினார்.

அவர் உள்ளங்கை ஆரத்தித் தட்டில் முக்கி எடுத்தது மாதிரி சிவந்திருந்தது. மஞ்சளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் சிவக்கும் என்பது சமையலறைக்குள் போகிற எவருக்கும் தெரியும். முனைவர் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறார்.

பக்கத்தில் நின்ற நூர்ஜஹானின் மருதாணிக் கையை அடைக்கலமேரி சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. நல்லாத்தான் பிடிச்சிருக்கு."

திங்கட்கிழமை மதியம் மூன்று மணி. அடுக்ககமே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கும் நேரம். அடைக்கலமேரி 3B சமையலறையில் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். சாவி திரும்பியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி உள்ளே வந்தார் வட்டாரப் பசுமை ஒருங்கிணைப்பாளர்.

"யார் அது?"

"நான்தான் சார். தொடுறவ."

"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"இது என் ட்யூட்டி வீடு சார். நீங்க என்ன செய்றீங்க?"

"மேற்பார்வை."

"செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டா சார் மேற்பார்வை?"

அறவாழி செருப்பைக் கீழே போட்டார். போட்டபின் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேல் அலமாரியைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

"அதுல என்ன சார் இருக்கு?"

"அது தங்கள் அதிகார வரம்புக்கு…"

"நான் எங்க மேனேஜர் பெலிக்ஸ் சாருக்குப் போன் போடவா? நிறுவனத்துலேருந்து ஆளு வந்து உடைச்சுப் பாப்பாங்க."

அவர் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு பூணூல் தேடுகிறவர் மாதிரி சட்டைக்குள் கையை விட்டு, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே தட்டுத் தட்டாக, வரிசை வரிசையாக, சின்னச் சின்ன முக்கோணங்கள். நீலம், மஞ்சள், வெள்ளை, ஜவுளிக்கடைச் சிவப்பு.

"என்ன சார் இது, சமோசாவா?"

"கவர்," என்றார் அறவாழி.

பதினாறு வருடமாக 'நெகிழிப்பை' என்று மட்டுமே சொல்லிவந்த வாய். அந்தச் சொல் விழுந்த பிறகு அவர் முகத்தில் முனைவரும் இல்லை, ஒருங்கிணைப்பாளரும் இல்லை. அறுபத்தாறு வயது மனிதர் ஒருவர்தான் மீதி இருந்தார்.

"சுலோச்சனா மடிச்சது. என் சம்சாரம். போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மருந்துக்கடை கவர், பேக்கரி கவர், எதையும் விடமாட்டா. கழுவி, துடைச்சு, இப்படி மடிச்சு அடுக்கிருவா. தினம் சண்டைதான். 'நீங்க ஊர்ல உள்ளதை ஒழிங்க, இது என் கவர்'ம்பா. அவ ஒரு கவரைப் பதினஞ்சு தடவை உபயோகிப்பா தெரியுமா? நான் அடிச்ச நோட்டீசை ஒருத்தன் ஒரு தடவைகூடப் படிச்சதில்ல."

"அதை உங்க வீட்ல வச்சுக்கிறதுதானே?"

"என் வீட்லதான் வாராவாரம் அறுபது பிள்ளைங்க அலமாரியைத் திறக்குதே."

அடைக்கலமேரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்; கேட்கவேண்டியது இன்னும் இருந்தது.

"கவரைத் தொட வந்தீங்க, சரி. மக்கை எதுக்கு சார் தொட்டீங்க?"

"பத்து நாள் முன்ன மக் மெத்துனு இருந்துச்சு. நீங்க வந்துட்டுப் போன மறுநாள். அப்பவே தெரிஞ்சுபோச்சு, உங்க கை…"

"தெரிஞ்சும் ஏன் புகார் பண்ணல?"

"பண்ணா ஆள் வருவாங்க. அலமாரியைத் திறப்பாங்க. அதான் எல்லாத்தையும் நானே தொட்டுட்டேன்."

"என் மேல இரக்கப்பட்டுன்னு ஒரு வார்த்தை பொய்யாச் சொல்லலாம்ல சார்."

"இரக்கமும் உண்டு," என்றார் அவர் பலவீனமாக.

"அப்ப அந்தச் சோதனை எதுக்கு?"

"அது… மாவட்டத்துல பாராட்டினாங்க. என் யோசனைன்னு."

அடைக்கலமேரி தன் கையை விரித்து அவர் முன் நீட்டினாள். ரேகையெல்லாம் வெடித்து, கோடைகாலக் காவிரி மாதிரி இருந்தது. பக்கத்தில் அவர் கையை இழுத்து வைத்தாள். கொழுகொழுவென்று, மினுமினுவென்று, ஒருநாளும் ஒரு பாத்திரம் தேய்த்தறியாத கை.

"என்ன பளபளப்பு பாருங்க. பதினோரு வீடு சார். மாசம் ஒரு சுத்து. நான் சாவி எடுத்துட்டு வர்றேன், நீங்க தொடுங்க."

"நான் ஒருங்கிணைப்பாளர் அம்மா!"

"அதனாலதான் சார் யாரும் சந்தேகப்படமாட்டாங்க."

இரண்டு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. 'தொடுபவர்தம் மாண்பினைக் கருத்திற்கொண்டு உயிர்க்கைச் சோதனை காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகிறது.' அடியில் இரண்டு வரிக் கையெழுத்து. அந்த மாதத்திலிருந்து, முனைவர் அறவாழி பூட்டிய வீடுகளுக்குத் தாமே நேரில் சென்று ஆய்வு செய்கிறார் என்ற செய்தி பரவியது. கழிப்பறை மக்கைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கிறாராம், எவ்வளவு எளிமையான மனிதர் என்று இரண்டாம் மாடிக்காரர்கள் உருகினார்கள். பின்னாலேயே சாவிக்கொத்தோடு போகும் அடைக்கலமேரி, கதவைச் சாத்திக்கொண்டதும், "சார், அடிப்பக்கம்… சார், உள்ள… நல்லா அழுத்தி," என்று பாடம் எடுப்பது யாருக்கும் கேட்கவில்லை. திண்டுக்கல்காரர்கள் வந்து கையைக் காட்டச் சொன்னபோது, "முதல்ல உங்க பையன் கையைக் காட்டச் சொல்லுங்க, பாத்திரம் தேய்ப்பாரான்னு பாக்கணும்," என்றாளாம் செலின். அவர்கள் காபியை முடிக்கவில்லை. அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி.

ஐப்பசியில் அறவாழிக்கு டெல்லியில் ஒரு பதக்கம் கொடுத்தார்கள், தொடுபவர் மாண்பைக் காத்ததற்காக. அவர் அங்கே இருந்தபோது திருச்சியில் அடைமழை. நடுப்பகலில் போன் வந்தது.

"அம்மா, 3B சமையக்கட்டுச் சுவர் ஒழுகும். அலமாரியைக் கொஞ்சம் பாருங்க. சாவி உங்ககிட்டத்தானே குடுத்துட்டு வந்தேன்."

அவள் போனாள். சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. அலமாரிக்குள் இன்னும் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முக்கோணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைக்கத் தொடங்கினாள். நான்காவதை எடுத்தபோது கை நின்றது. காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். சரசரவென்றது. லேசாக அழுத்தினாள். ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளை மாவு பொசுக்கென்று வந்தது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் மாவு. அதற்கடுத்ததிலும்.

வெளித் தாள் மட்டும் முக்கோணமாக நின்றது. உள்ளே மடிந்திருந்த எதுவும் இல்லை. இரண்டு வருடமாக அவர் தொட்டுத் தொட்டுக் காப்பாற்றியது இருநூற்றுப் பதினோரு மேல்தோல்களை.

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர்! அவள் வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. போனை எடுத்தாள்.

"நனைஞ்சுதா?" என்றார் அவர்.

"இல்ல சார். எல்லாம் பத்திரமா இருக்கு."

"உள்ள?"

"உள்ளயும்தான் சார்."



"பொய் சொல்லாதீங்கம்மா. உள்பக்கம் தொடலைன்னா என்ன ஆகும்னு போர்டுல எழுதிக் கோடு போட்டவன் நான்."

அடைக்கலமேரி மேடையில் கிடந்த முக்கோணங்களைப் பார்த்தாள். "தெரிஞ்சா, ஆரம்பத்துலயே பிரிச்சுத் தொட்டிருக்கலாம்ல சார்?"

"ஒண்ணு பிரிச்சுப் பாத்தேன். அவ போன மறுவாரம். கவர் இருந்துச்சு. மடிப்பு போயிருச்சு. ராத்திரி பகலா முயற்சி பண்ணேன், எனக்கு அந்த மாதிரி மடிக்க வரல. கவர் கடையில கிடைச்சுதே ஒரு காலத்துல. மடிப்புதான் எங்கயும் கிடைக்காது."

மழை கண்ணாடியில் அடித்தது. அவள் ஒரு முக்கோணத்தை எடுத்து, மாவு சிந்தாமல், இருந்த இடத்திலேயே, முனை உள்ளே பார்க்கும்படி வைத்தாள். அவள் கை பட்டதால் அதற்கு ஒரு நாள்கூட ஆயுள் அதிகமாகப்போவதில்லை. இருந்தாலும் வைத்தபின் உடனே கையை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமை வந்துருவீங்கல்ல சார்?"

"வந்துருவேன். ஏன்?"

"வெள்ளியோட இதுக்கெல்லாம் நாப்பது நாள் முடியுது," என்றாள் அடைக்கலமேரி. "7A பக்கெட்டுக்கும்தான். பதக்கத்தைக் கழட்டி வச்சுட்டு வாங்க. அந்தப் பக்கெட்டு ஆழம் ஜாஸ்தி, குனிஞ்சாத்தான் உள்பக்கம் எட்டும்."